புதுக் குட்டி ராத்திரி எங்கே படுக்கணும்? வீட்டில் மூன்று கட்சி

தூக்கம்தொலைத்தவள் | திங்கள், காலை 6.50

நேற்று மாலை எட்டு வாரக் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. பெட்டை. இன்னும் பெயர் வைக்கவில்லை, அதில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. அதைவிடப் பெரிய சண்டை, ராத்திரி எங்கே படுக்க வைப்பது என்பது.

மாமியார் சொல்வது: நாய் என்றால் வராண்டா. ஒரு சாக்கை விரித்துப் போடு, இரண்டு நாள் கத்தும், அப்புறம் தானாக அடங்கும். கணவர் சொல்வது: பச்சைக் குழந்தை மாதிரி இருக்கிறது, கட்டிலில் நம் நடுவில் படுக்கட்டும். இரண்டும் வேண்டாம் என்று சமையலறையில் அட்டைப்பெட்டி வைத்து, பழைய போர்வை போட்டு, பெரிய ஞானி மாதிரி நான் ஒரு தீர்ப்பு சொன்னேன்.

பதினொரு மணிக்கு விளக்கை அணைத்தோம். பத்து நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் மூக்கால் ஒரு முனகல். பிறகு குரைப்பு என்றும் சொல்ல முடியாத, அழுகை என்றும் சொல்ல முடியாத ஒரு கீச்சுக்குரல், விட்டு விட்டு. ஒன்றரை மணிக்குப் போய்ப் பார்த்தால் பெட்டி கவிழ்ந்து கிடக்கிறது. குட்டி கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்திருக்கிறது, பின்னால் ஒரு சின்னக் குளம். துடைத்துவிட்டு அங்கேயே தரையில் படுத்தேன். என் உள்ளங்கையில் தாடையை வைத்து அரை நிமிடத்தில் அது தூங்கிவிட்டது. கையை எடுத்தால் எழுந்துவிடுமோ என்று நான் விடியும்வரை தூங்கவில்லை.

கத்தினால் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் சரியா? பக்கத்தில் வைத்துக்கொண்டால் காலம் முழுக்க அதே பழக்கமாகிவிடுமா? கூண்டு வாங்கலாம் என்றால் வீட்டில் "சிறை" என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பழைய_செருப்பு | திங்கள், காலை 7.25

எங்கள் வீட்டில் நாலு நாய் வளர்ந்திருக்கிறது. நாலும் வெளியில்தான். முதல் மூன்று ராத்திரி கத்தும், நாம் எழுந்து போகவில்லை என்றால் புரிந்துகொள்ளும். எழுந்து போனீர்கள் என்றால், கத்தினால் ஆள் வரும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். உங்கள் மாமியார் சொல்வதில் தப்பே இல்லை.


வால்நட்சத்திரம் | திங்கள், காலை 8.05

அண்ணா, "புரிந்துகொள்ளும்" என்கிறீர்களே, அது எதைப் புரிந்துகொள்கிறது என்று யோசித்துப் பார்த்தீர்களா? கத்தினாலும் யாரும் வரமாட்டார்கள் என்பதைத்தான். பயம் போய்விட்டதால் அடங்குவதும், சோர்ந்துபோய் அடங்குவதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் தெரியும்.

முந்தாநாள் வரைக்கும் இந்தக் குட்டி அம்மா மேலேயும் கூடப்பிறந்ததுகள் மேலேயும் குவியலாகக் கிடந்து தூங்கியிருக்கும். தனியாகத் தூங்குவது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. ஒரே நாளில் அம்மா இல்லை, வாசனை மாறிவிட்டது, தரை மாறிவிட்டது, விளக்கும் அணைந்துவிட்டது. கூட்டத்தை விட்டுப் பிரிந்த குட்டி கத்தத்தான் செய்யும், அதன் உயிர் பிழைக்கும் வழியே அதுதான். இதைப் போய் பிடிவாதம் என்று சொன்னால் எப்படி?

தூக்கம்தொலைத்தவள் அவர்களுக்கு: நீங்கள் கேட்பது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. முதல் இரண்டு மூன்று வாரம் எங்கே படுக்கணும் என்பது ஒன்று. வளர்ந்த பிறகு எங்கே படுக்கணும் என்பது இன்னொன்று. வீட்டில் மூன்று பேரும் இரண்டாவது கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வைத்துக்கொண்டு முதல் கேள்விக்குச் சண்டை போடுகிறீர்கள். முதல் கேள்விக்கு என் பதில்: உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில். இரண்டாவதை மாமியாரும் நீங்களும் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், அவசரமே இல்லை.


அரைக்கண் | திங்கள், காலை 8.40

கட்டில் மட்டும் வேண்டாம். நான் அந்தத் தப்பைச் செய்தேன். என்னுடையது சின்ன ஜாதி, மூன்று மாதக் குட்டி. ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கட்டிலிலிருந்து குதித்தது. முன்னங்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. இப்படி வருவது சின்ன ஜாதிக் குட்டிகளில் சகஜம், அவற்றின் முன்னங்கால் எலும்பு பென்சில் கனம்தான் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கட்டோடு அது வீட்டுக்குள் டக் டக் என்று நடக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.


அப்பாவிப்பூனை | திங்கள், காலை 9.00

பூனை வளர்த்தால் இந்தப் பிரச்சினையே வராது. நாம் எங்கே படுக்கணும் என்பதை அதுவே முடிவு செய்துவிடும்.


ஊசிமருந்து | திங்கள், மதியம் 1.30

கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் இல்லை, ஆனால் வாரத்துக்குப் பத்துப் புதுக் குட்டிகளையாவது பார்க்கிறேன். இங்கே யாரும் இன்னும் தொடாத இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, மூத்திரப்பை. ஒரு குட்டி எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அது தாக்குப்பிடிக்கும் உச்சம் என்று ஒரு கணக்கு உண்டு. துல்லியமான சட்டம் இல்லை, ஆனால் ஏறக்குறைய சரியாக இருக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். தூக்கத்தில் கொஞ்சம் கூடலாம். அப்படியென்றால் பதினொன்றுக்குப் படுத்த குட்டி இரண்டு மணி வாக்கில் எழுந்து முனகுவது இயற்கை. சமையலறையில் கதவைச் சாத்தி வைத்தால் அந்த முனகல் உங்களுக்குக் கேட்காது. உங்களுக்குக் கேட்டது அதற்கு அப்புறம் வந்த கத்தல். அந்தக் குளம் அதன் தப்பு இல்லை.

இன்னொன்று, வராண்டா. தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரை போகும். அது முடிகிறவரை பார்வோ பயம் உண்டு, குட்டிகளுக்குக் கடுமையான வாந்தி பேதி வரவைக்கும் வைரஸ் நோய் அது. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரண சோப்புக்கும் பினாயிலுக்கும் அசையாது. நீர்த்த ப்ளீச் போட்டால் சாகும். வராண்டா திறந்த இடமாக இருந்து தெரு நாய்கள் வந்துபோகும் என்றால், இந்த வயதில் குட்டியை ராத்திரி அங்கே விடவே கூடாது. உண்ணி, கொசு எல்லாம் அதற்குப் பிறகு. பார்வோ வந்த குட்டியை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இந்த விஷயத்தில் விவாதம் பண்ணமாட்டார்கள்.


பழைய_செருப்பு | திங்கள், மதியம் 2.10

பார்வோ விஷயம் நியாயம். எங்கள் நாலில் ஒன்று மூன்று மாதத்தில் வாந்தி பேதி வந்து போனது. அந்தக் காலத்தில் என்ன வியாதி என்று யாரும் பேர் சொல்லவில்லை. இதுவாகத்தான் இருந்திருக்குமோ என்னவோ. ஆனாலும் படுக்கையறைக்குள் நாய் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.


தூக்கம்தொலைத்தவள் | திங்கள், மதியம் 3.45

ஊசிமருந்து, ரொம்ப நன்றி. வராண்டா திறந்ததுதான், இரண்டு தெரு நாய்கள் மத்தியானத்தில் வந்து படுக்கும். நீங்கள் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "சரி, உள்ளேயே இருக்கட்டும், ஆனால் என் அறைப் பக்கம் வரக்கூடாது" என்று இறங்கி வந்துவிட்டார்.

சரி, கைக்கு எட்டும் தூரம் என்றால் எதில் படுக்க வைப்பது? அட்டைப்பெட்டியை அது கவிழ்த்துவிடுகிறது. கூண்டு என்றதும் எனக்கே மனசு ஒப்பவில்லை.


வால்நட்சத்திரம் | திங்கள், மாலை 4.30

எனக்கும் முதலில் ஒப்பவில்லை. இப்போது எங்கள் நாய்க்கு ஆறு வயது. கூண்டுக் கதவைக் கழற்றி எறிந்து ஐந்து வருஷம் ஆகிறது. இடி இடித்தால் அதுவாகப் போய் உள்ளே சுருண்டுகொள்ளும். கூண்டு சிறையா அறையா என்பது நாம் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. தப்பு செய்தால் பிடித்து உள்ளே தள்ளினீர்கள் என்றால் சிறைதான்.

அளவுதான் முக்கியம். உள்ளே நிமிர்ந்து நிற்கணும், திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும், அவ்வளவுதான். வளர்ந்தபிறகும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கினால் ஒரு மூலையில் ஒன்றுக்குப் போய்விட்டு இன்னொரு மூலையில் போய்த் தூங்கும். படுக்கிற இடத்தை நனைக்கக் கூடாது என்ற உணர்வு குட்டிகளுக்கு இயல்பாகவே உண்டு, அதைக் கெடுக்கிற மாதிரி ஆகிவிடும். பெரியதுதான் கிடைத்தது என்றால் நடுவில் தடுப்பு வையுங்கள்.

பகலில் கதவைத் திறந்துபோட்டு, தீனியை உள்ளே வையுங்கள். போகட்டும், வரட்டும். அதுவாக உள்ளே போய்த் தூங்க ஆரம்பித்த பிறகு கதவைச் சாத்துங்கள், முதலில் ஒரு நிமிடம், அப்புறம் ஐந்து. முதல் ராத்திரியே உள்ளே போட்டுப் பூட்டி விளக்கை அணைப்பது இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் எல்லாரும் கூண்டே கொடுமை என்கிறார்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லமாட்டார்கள்: கூண்டில் விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். கம்பியில் மாட்டினால் கழுத்து இறுகிவிடும்.


நடுச்சாமம் | திங்கள், மாலை 6.15

கூண்டே இல்லாமலும் ஆகும். நான் உயரமான பிளாஸ்டிக் துணிக்கூடை ஒன்றைக் கட்டிலோடு ஒட்டி வைத்தேன். பக்கமெல்லாம் ஓட்டை உள்ளது, காற்று வரும். ராத்திரி முனகினால் கட்டிலில் படுத்தபடியே ஒரு கையைத் தொங்கவிடுவேன். விரலை மோந்துவிட்டு அடங்கிவிடும். மூன்று வாரம் என் இடது தோள்பட்டை வலித்தது உண்மைதான். கூடையின் விளிம்பில் இரண்டு காலையும் போட்டு எட்டிப் பார்க்கிற அளவு வளர்ந்த அன்றைக்குக் கூடையை மாற்றிவிட்டேன்.

குட்டி வந்த வீட்டிலிருந்து அதன் அம்மா படுத்த துணி ஒரு துண்டு வாங்கி வர முடியுமா பாருங்கள். துவைக்காமல் வேண்டும். நான் போட்ட புது மெத்தையை அது சீண்டக்கூட இல்லை, அந்த அழுக்குத் துணியில்தான் மூக்கைப் புதைத்துத் தூங்கும்.


அரைக்கண் | திங்கள், இரவு 8.00

வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கலாம் என்று பல இடத்தில் படிப்பீர்கள். கடிக்கிற குட்டியாக இருந்தால் ஜாக்கிரதை. டிக் டிக் கடிகாரமும் வைத்துப் பார்த்தேன், அம்மாவின் இதயத் துடிப்பு மாதிரி இருக்குமாம். என் குட்டி கடிகாரத்தைப் பார்த்துத்தான் குரைத்தது.


தூக்கம்தொலைத்தவள் | செவ்வாய், காலை 7.00

இரண்டாம் ராத்திரி ரிப்போர்ட். நடுச்சாமம் சொன்ன மாதிரி கூடை, கட்டிலுக்குப் பக்கத்தில், நான் படுக்கிற ஓரத்தில். அம்மா படுத்த துணி கிடைத்தது (ஒரு நாய் வாடை, அறை முழுக்க). கத்தல் மொத்தமே நாலு நிமிடம். ஆனால் இரண்டரை மணிக்கு வெளியே தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றுக்குப் போனது, சரி. திரும்பி வந்ததும் அதற்கு உலகமே விடிந்துவிட்டது. என் செருப்பைக் கடித்து இழுத்து, கணவரின் கால் விரலை மெல்ல ஆரம்பித்து, மூன்றரை மணி வரை ஒரே கொண்டாட்டம். கணவர் எழுந்து பந்து போட்டுக்கொண்டிருந்தார்!


ஊசிமருந்து | செவ்வாய், காலை 9.20

அந்தப் பந்துதான் தப்பு. ராத்திரி எழுந்து போவது உலகத்திலேயே சலிப்பான வேலையாக இருக்க வேண்டும். பெரிய விளக்கு போடாதீர்கள். பேசாதீர்கள், போனதும் மெல்ல "நல்ல பிள்ளை" என்று ஒரு வார்த்தை போதும். தினமும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், நடக்க விட்டால் வழியிலேயே போய்விடும். மற்ற நாய்கள் வராத, உங்கள் வீட்டு எல்லைக்குள் இருக்கிற இடமாக இருக்கட்டும். ஐந்து நிமிடம் நில்லுங்கள். போகவில்லை என்றால் திரும்பவும் கூடை.

இப்போது பழைய_செருப்பு சொன்னதில் இருக்கிற உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எல்லா முனகலுக்கும் பாய்ந்து எழுந்தால் நிஜமாகவே ஒரு பழக்கம் உண்டாகும். பக்கத்தில் படுத்திருப்பதன் லாபமே, எந்த முனகல் எதற்கு என்று உங்கள் காது படித்துக்கொள்வதுதான். படுத்ததும் வருகிற புலம்பல் இரண்டு மூன்று நிமிடத்தில் தேய்ந்துகொண்டே போகும். நல்ல தூக்கத்திலிருந்து எழுந்து, கூடைக்குள் சுற்றிச் சுற்றி வந்து, குரல் ஏறிக்கொண்டே போனால் அது வேறு, உடனே தூக்குங்கள். ஒரு வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

தண்ணீரைச் சாயங்காலமே எடுத்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். படுப்பதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் நிறுத்தினால் போதும். வெக்கையான நாட்களில் அதுவும் வேண்டாம். கடைசித் தீனியைக் கொஞ்சம் முன்கூட்டியே கொடுங்கள். அப்புறம், அரை மணிக்கு ஒரு தடவை சொட்டுச் சொட்டாகப் போனால், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், இது பழக்கம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, டாக்டரிடம் காட்டுங்கள்.


கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 10.10

படுக்கையறையில் நாய் இருந்தால் மனுஷன் தூக்கம் கெடும் என்கிறவர்களுக்கு: 2017-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் 40 பேரையும் அவர்கள் நாய்களையும் வைத்து அளந்து பார்த்தார்கள். படுக்கையில் இருக்கும் நேரத்தில் எத்தனை சதவீதம் நிஜமாகத் தூங்குகிறோம் என்ற கணக்கு. நாய் அறைக்குள் இருந்து கட்டிலில் இல்லாதபோது 83, கட்டிலிலேயே இருந்தபோது 80. பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனால் அரைக்கண் கட்சிக்கு மூன்று மதிப்பெண்.


அரைக்கண் | செவ்வாய், காலை 10.30

அவை வளர்ந்த நாய்களாகத்தான் இருக்கும். எட்டு வாரக் குட்டியை வைத்து அளந்திருந்தால் கருவியையே கடித்திருக்கும்.


மூன்றாம்பிறை | செவ்வாய், மாலை 5.00

கைக்குழந்தை இருக்கிற வீடு எங்களுடையது. அதனால் படுக்கையறை முடியவே முடியாது. என் தம்பி ஹாலில் குட்டிக்குப் பக்கத்தில் பத்து நாள் படுத்தான். முதல் நாலு நாள் தலை மாட்டில், அப்புறம் தினம் ஒரு அடி தள்ளி. பதினோராம் நாள் அவன் தன் அறைக்குப் போனான், கதவை மட்டும் திறந்து வைத்தான். குட்டி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. குட்டியை நம்மிடம் கொண்டுவர முடியாவிட்டால் நாம் அதனிடம் போகலாம் என்பதற்காகச் சொல்கிறேன். குழந்தை தவழுகிற வீடு என்றால் குடற்புழு மருந்தையும் தவறவிடாதீர்கள், குட்டிகளின் உருண்டைப்புழு மனிதருக்கும் வரும்.

சமையலறையில் அன்றைக்குப் போன இடத்தை எதால் துடைத்தீர்கள்? அமோனியா கலந்த திரவமாக இருந்தால், அந்த வாசனை அதற்கு மூத்திர வாசனை மாதிரியே இருக்கும், அங்கேயே மறுபடி போகும். என்சைம் கலந்த கிளீனர் என்றால் வாடையையே தின்றுவிடும்.


தூக்கம்தொலைத்தவள் | ஞாயிறு, காலை 5.40

ஒரு வாரம் ஆகிவிட்டது. பெயர் வைத்தாயிற்று, மை. மூக்கு நுனி மட்டும் கறுப்பு.

நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு வெளியே போய்விட்டு வந்து கூடையில் வைத்தேன். ஒரே ஒரு பெருமூச்சு, வயசானவர்கள் ஈசிசேரில் சாய்ந்தால் விடுவது மாதிரி. இரண்டே முக்காலுக்கு முனகல். ஊசிமருந்து சொன்னது சரி, இப்போது வித்தியாசம் தெரிகிறது. கூடைப் பிளாஸ்டிக்கில் நகம் உரசுகிற சத்தம் முதலில் வரும், அதற்கப்புறம்தான் குரல். நகச் சத்தத்துக்கே எழுந்துவிட்டேன். போனோம், வந்தோம், படுத்தோம். பந்து அலமாரிக்கு மேலே இருக்கிறது, கணவர் கையை நீட்டினால் எட்டாது, நாற்காலி போடணும். நாலு மாத வயதில் ராத்திரி ஆறு மணி நேரத்துக்கு மேலேயே தாங்கும் என்று டாக்டர் சொன்னார், அதுவரைக்கும் இந்தக் காவல் வேலைதான்.

வளர்ந்த பிறகு எங்கே என்பது இன்னும் முடிவாகவில்லை. ஹாலில் கூண்டு என்று நானும், கட்டில் என்று அவரும் அப்படியே நிற்கிறோம். தடுப்பூசி எல்லாம் முடிந்ததும் கூடையை அறைக் கதவுப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தப் போகிறேன், மூன்றாம்பிறை தம்பியின் கணக்குப்படி.

இதை எழுதுகிற நேரத்தில் மை கூடையில் இல்லை. ஐந்து மணிக்கு எழுப்பி வெளியே விட்டேன், திரும்பி வந்தது எங்கே போனது என்று தேடினால் மாமியார் அறையில். கட்டிலுக்கு அடியில் அவர் ரப்பர் செருப்பின் மேல் படுத்துத் தூங்குகிறது. அவர் முழித்துத்தான் இருக்கிறார். "சத்தம் போடாதே, தூங்கட்டும்" என்று எனக்குக் கை காட்டுகிறார்.


பழைய_செருப்பு | ஞாயிறு, காலை 6.15

என் கட்சிக்கு இருந்த ஒரே ஓட்டும் போச்சா!